வானத்தில் துண்டு போட்டவர்கள்

"…அப்ப நான் இத்தனை வருஷமா ஓட்டினது என்ன, காத்தாடியா? என் பசங்க ஓட்டினது என்ன, காத்தாடியா? யாராவது வாயைத் திறந்து சொல்லுங்கய்யா!"

ஒரு விமான கேப்டன் இப்படி மேஜையைத் தட்டிக் கேட்டபோது நான் காபி பிளாஸ்கோடு அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். மைசூரில் ஓர் ஓட்டலின் மாடி ஹால். கல்யாண வரவேற்போ, பட்டுப் புடவைக் கண்காட்சியோ, பங்காளிகள் பாகப்பிரிவினையோ, அந்த ஹாலில் எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது. மேஜை தட்டுகிறவர்களை நிறையப் பார்த்தவன் நான். சம்பந்தி தட்டினால் சாம்பாரில் உப்பில்லை என்று அர்த்தம். பங்காளி தட்டினால் சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது என்று அர்த்தம். இந்த கேப்டன் தட்டியதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இரண்டு விமானக் கம்பெனிகள் இருந்தன. பெரிய கம்பெனியிடம் ஜெட் விமானங்கள். சின்ன கம்பெனியிடம் இறக்கையில் விசிறி சுற்றும் குட்டி விமானங்கள். பெரியது எட்டிக்கூடப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் அவை போய்வந்தன. சின்னதைப் பெரியதோடு சேர்த்துவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. விமானத்தைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை, பெயிண்ட் அடித்தால் முடிந்தது. பைலட்டுக்கு எங்கே பெயிண்ட் அடிப்பது? ஒவ்வொரு பைலட்டுக்கும் அவன் கம்பெனியில் ஒரு சீனியாரிட்டி நம்பர் உண்டு. யார் இடது சீட்டில் கேப்டனாக உட்காருவது, யார் வலது சீட்டில் துணைக்கு உட்காருவது, யாருக்குத் தீபாவளிக்கு லீவு, எல்லாமே அந்த நம்பர்தான். இப்போது வரிசை இரண்டு. ஒன்றாம் நம்பரும் இரண்டு பேர். எந்த வரிசையை எதற்குள் எப்படிச் செருகுவது என்று இரண்டு பைலட் சங்கங்களும் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டு, கடைசியில் பேசித் தீர்க்க ஒரு பொது ஊரைத் தேடின. மைசூரைப் பிடித்தார்கள். காரணம் என்ன தெரியுமா? அன்றைக்கு இரண்டு கம்பெனி விமானமும் வராத ஊர் இது. ஆகாயத்தில் பறக்கிற அத்தனை பேரும் பெங்களூரிலிருந்து வேனில் குலுங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். இறங்கியதும் இரண்டு சங்கமும் ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம், வேன் டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்பது.

எங்கள் குடும்பம் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே பஸ் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்துவிட்டால் அந்த சீட்டு எறிந்தவருடையது. பிறகு அவர் ஆற அமர ஒரு டீ குடித்துவிட்டு வருவார். யாராவது உட்கார்ந்திருந்தால், "துண்டு கெடக்குது, கண்ணு தெரியலீங்களா?" என்று கேட்பார். துண்டுக்கு அப்படி ஒரு மரியாதை. ஆனால் பாதி வழியில் பஸ் நின்றுபோய், வேறு பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். பழைய பஸ்ஸில் போட்ட துண்டு புதிய பஸ்ஸில் செல்லுமா? இவ்வளவுதான் விஷயம். இந்த மனிதர்கள் துண்டு போட்டது வானத்தில். கூடவே தோளில் ஆளுக்கு நாலு தங்கப் பட்டை, கறுப்புக் கண்ணாடி, நல்ல ஆங்கிலம்.

முதல் நாளே நான் ஒரு தப்புச் செய்தேன். கூட்டத்துக்குப் பெயர்ப் பலகை வைப்பது வழக்கமாயிற்றே என்று இங்கிலீஷ் அகரவரிசையில் வைத்துவிட்டேன். வந்து பார்த்தவர்களில் ஒருவரும் உட்காரவில்லை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு துணை பைலட், பெயரில் முதல் எழுத்து ஏ என்ற ஒரே தகுதியில் தலைமாட்டில் இருந்தான். ஒரு பெரியவர் என்னிடம், "அவங்கப்பா வச்ச பேருக்கெல்லாம் சீனியாரிட்டி குடுத்துட்டீங்களா?" என்றார். தலைமாடு, கால்மாடு இல்லாத வட்ட மேஜை வேண்டும் என்றார்கள். ஓட்டலில் வட்ட மேஜை ஏது? வரவேற்பில் கேக் வெட்டுகிற அரைவட்ட மேஜை இரண்டு இருந்தது. ஒட்டிப்போட்டு வெள்ளை விரிப்பைப் போர்த்தினேன். இரண்டு மேஜையும் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்துக்கு எதிரே உட்கார யாரும் சம்மதிக்கவில்லை. மேனேஜர் கன்னடத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே மந்திரத்தைச் சொன்னார்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்." கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று அர்த்தம். மைசூரில் அந்த மந்திரத்துக்கு மசியாதவர்களை அன்றுதான் பார்த்தேன்.

சாப்பாட்டில் இன்னும் வேடிக்கை. யாரும் சொல்லாமலே அவரவர் நம்பர்ப்படி வரிசையில் நிற்கிறார்கள். பழக்கம் அப்படி. ஆனால் ஒன்றாம் நம்பர் இரண்டு பேர் தட்டோடு எதிரும் புதிருமாக நின்றால், புளியோதரைக் கரண்டியை யார் எடுப்பது? "யூ பர்ஸ்ட்" என்று ஒருவர், "நோ நோ, யூ பர்ஸ்ட்" என்று இன்னொருவர். மரியாதை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எதிராளி முதலில் எடுத்தால் இடத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகுமோ, தான் முதலில் எடுத்தால் அகம்பாவம் என்று எழுதிவைப்பார்களோ என்று இரண்டு பேருக்கும் பயம். புளியோதரை ஆறிக்கொண்டிருந்தது.

சமையல் பொறுப்பு மேல்கோட்டைக்காரர் ஒருவரிடம். நான் அவரை சாமி என்பேன். அவர் வாயைத் திறந்தால் புதிதாக ஒரு பழமொழி விழும், அதைப் பொறுக்கிக்கொள்வதற்காகவே நான் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன ஓய் இது, தீர்த்தத்துக்கு நிக்கறாப்போல நிக்கறா? பெருமாள் ஒருத்தர்தான், வட்டில் ஒண்ணுதான், நீட்டற கைதான் நூறு." பிறகு அவரே அண்டாவை இரண்டாகப் பிரித்து, மேஜையின் இரண்டு கோடியிலும் வைத்துவிட்டார். இரண்டு ஒன்றாம் நம்பர்களும் ஒரே நொடியில் கரண்டியைத் தொட்டார்கள். சாயங்காலம் ஒரு புகார் வந்தது: எதிர்ப்பக்கத்து அப்பளம் பெரிது.

இப்போது சண்டையை முன்னால் நின்று நடத்திய இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறேன். சின்ன கம்பெனி சங்கத்தின் தலைவர்தான் மேஜை தட்டிய கேப்டன். மதுரைப் பக்கத்துக்காரர், முன் தலையில் முடி போய், ஓய்வுக்குச் சில வருஷமே இருந்த மனிதர். பெரிய கம்பெனி சங்கத்தின் செயலாளரும் தமிழர்தான், சென்னைக்காரர், வயதில் சின்னவர். ஒரு காலத்தில் இதே கேப்டனுக்கு வலது பக்கத்தில் துணை பைலட்டாக உட்கார்ந்திருந்தவர். சமயம் பார்த்துப் பெரிய கம்பெனிக்குத் தாவி, அங்கே ஜெட் கேப்டனாகிவிட்டார். கூட்டத்தில் எல்லாரும் ஆங்கிலம்தான். இவர்கள் இரண்டு பேருக்கும் கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

செயலாளர் எதைச் சொன்னாலும், "சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு வருவதைத் தப்பாக எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வண்டியில ரெண்டு வருஷம் ஓட்டினா எங்க வண்டியில ஒரு வருஷம். அதான் கணக்கு."

"ஏன்டா, நான் எறங்கின ஊர்ல லைட்டு கிடையாது, தாழ ஒரு சுத்து சுத்தி ஆட்டை விரட்டிட்டு எறங்கியிருக்கேன். நீ எறங்கற ஊர்ல கம்ப்யூட்டர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. யாருக்குடா பாதி?"

"ஆடு விரட்டினதுக்கெல்லாம் சீனியாரிட்டி குடுக்க முடியாது சார்."

பெரிய கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களில் தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். அதுதான் சங்க ஒற்றுமை.

அந்தக் கணக்கு நிறைவேறினால் கேப்டன் மறுபடியும் வலது சீட்டுக்குப் போக வேண்டும். அவருடைய சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும்தான். இளைஞர்கள், கடன் வாங்கிப் பறக்கப் படித்தவர்கள், இப்போதுதான் கேப்டனாகி நாலாவது பட்டை தைத்துக்கொண்டவர்கள். அவர்களெல்லாம் வரிசையின் வாலுக்குப் போய், இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் அடுத்தவருக்குக் கதவு திறந்துவிட வேண்டியதுதான். அவர்களுக்கு கேப்டன் மேல் மலைபோல நம்பிக்கை. ஒருவன் என்னிடம் பெருமையாகச் சொன்னான்: "எங்க தலைவர் அம்மிக்கல்லு மாதிரிங்க. அசைக்கவே முடியாது."

இதைச் சமையலறையில் போய்ச் சொன்னேன். சாமி கடுகு தாளித்துக்கொண்டே, "அம்மி நகரணும்னா அடிதான் வேணும்னு இல்லை ஓய். அம்மிக்கே ஆசை வந்தாலும் போறும்," என்றார். நான் சிரித்துவிட்டு அதையும் பொறுக்கிக்கொண்டேன்.

கேப்டனை எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டபோது தம்பி என்று கூப்பிட்டவர். ஒரு மாலை வராந்தாவில் சிகரெட் பிடித்தபடி, அந்த சீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"இடது சீட்டுல உக்காந்தா இன்ஜின் கைப்பிடி வலது கையில இருக்கும் தம்பி. வலது சீட்டுல உக்காந்தா அது இடது கைக்குப் போயிரும். இத்தனை வருஷம் கழிச்சு என்னைய இடது கையால சோறு திங்கச் சொல்றாய்ங்க. அதுவும் இவன் பக்கத்துல உக்காந்து. 'சக்கரத்தைத் தூக்குங்க சார்'னு சொல்லுவான் பாரு, அந்த சாருக்கே செத்துப்போகலாம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

கடைசி நாள் காலை, கூட்டம் தொடங்கும் முன், அதே வராந்தாவுக்கு இரண்டு பேருக்கும் காபி கொண்டுபோனேன். காபி கொடுப்பவனை யாரும் ஆளாக நினைப்பதில்லை, அதனால் பேச்சு நிற்கவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு பாரா போட்டுடறேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் நீங்க கேப்டன்தான். இடது சீட்டுதான். யாரும் தொட முடியாது."

"பசங்க?"

"பசங்க சின்னவங்க சார். வயசு கிடக்கு. வரிசையில நின்னு வரட்டும்."

கேப்டன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சாமுண்டி மலைப் பக்கம் பனி இன்னும் கலையவில்லை.

"அவனுங்க முன்னாடி நான் என்னத்தைச் சொல்றது?"

"நல்லா சண்டை போடுங்க சார். எங்களை வாய்க்கு வந்தபடி திட்டுங்க. நாங்க கேட்டுக்கறோம். கடைசிப் பக்கம் யாரு சார் படிக்கப்போறா?"

கேப்டன் ஒரு வாய் காபி குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சக்கரை ஜாஸ்தி தம்பி," என்றார். சர்க்கரை எப்போதும் போலத்தான் போட்டிருந்தேன்.

சண்டை நன்றாகவே போட்டார். குறை சொல்லக் கூடாது. ஒப்பந்தத்தாள்கள் மேஜைப் பள்ளத்தின் மேல் வந்து உட்கார்ந்ததும் எழுந்தார். மழையில் இறங்கியது, வெள்ளத்தில் மருந்து கொண்டுபோனது, ஓடுபாதையில் படுத்திருந்த எருமை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். குரல் தழுதழுத்ததும் நடிப்பில்லை. எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். செயலாளர் மட்டும் சொன்ன சொல் தவறாமல், பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த உச்சியில்தான் அந்தக் காத்தாடிக் கேள்வி வந்தது, மேஜை தட்டல் வந்தது, தட்டிய தட்டில் பெயர்ப் பலகை ஒன்று குப்புற விழுந்தது.

அவருடைய பசங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவனுக்குக் கண்ணில் நீர். "விடாதீங்க கேப்டன்!" என்று ஒரு குரல் வந்தது.

கேப்டன் உட்கார்ந்தார். நான் ஊற்றிவைத்திருந்த தண்ணீரை முழுவதும் குடித்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாள்களைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கங்களை ஒன்றாகப் பிடித்துப் புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு பாராவின் மேல் விரலை வைத்து, கைதட்டல் ஓய்வதற்குள் இரண்டு தடவை படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.