தவிடு வாங்காத கை

எங்கள் ஜனங்களிடம் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு ஒரு பேச்சு உண்டு. "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்குனோம்" என்பார்கள். பெற்ற பிள்ளையிடம்தான் இப்படிச் சொல்வது. பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மா மடியில் போய் விழும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் குடியிருந்த எங்கள் வரிசை முழுவதற்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயடியில் தினமும் ஏதாவது ஒரு பிள்ளைக்கு இந்தச் சீண்டல் நடக்கும். நான் என் பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் மட்டும் பெண்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவளை நாங்கள் நிஜமாகவே தவிட்டுக்கு வாங்கியிருந்தோம்.

எனக்குப் பிறந்தவை தங்கவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வராது. கடைசிக் குழந்தையும் போன பிறகு, அடுத்த வீட்டு அக்காதான் யாராவது ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கச் சொன்னாள். ஆற்றோரம் கீரைத் தோட்டமும் பன்றிக் கொட்டிலும் வைத்திருந்த ஒரு சீனத்தி எங்கள் வரிசைக்குக் காய் விற்க வருவாள். அவள் வீட்டில் எல்லாம் பெண்கள். மறுபடியும் பெண் பிறந்ததும், யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று அவளே சொல்லியிருந்தாள். ஒரு நாள் காலை, இரண்டு பக்கமும் கூடை தொங்கும் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பக்கக் கூடையில் கங்கோங் கீரை இருந்தது. இன்னொரு பக்கக் கூடையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை வேறொருத்தி கையில் கொடுத்து, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். தவிட்டு விலைக்குப் போன பிள்ளை நமக்கு எதற்கு என்று எமன் விட்டுவிட்டுப் போய்விடுவானாம். இது இன்னொருத்தி பெற்ற பிள்ளையாக இருந்தாலும், அந்த முறையைச் செய்தால்தான் நம் வீட்டில் நிலைக்கும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். அப்படியே கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு முறம் அள்ளிக் கொடுத்தேன். சீனத்திக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தவிட்டை முகர்ந்து பார்த்து, பன்றிக்கு நல்லது என்று மலாயில் சொல்லி, குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அது இருந்த கூடையில் கொட்டிக்கொண்டு போனாள்.

பெரியவள் தங்கிவிட்டாள். வெள்ளையாக, கண் சிறுத்து, என் இடுப்பில் உட்கார்ந்து சுத்தமான தமிழில் எல்லோரையும் அதட்டிக்கொண்டு வளர்ந்தாள். குழாயடிப் பெண்கள் பேச்சை மாற்றினார்களே தவிர, பிள்ளைகள் மாற்றவில்லை. ஒரு நாள் அழுதுகொண்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தவளைக் கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அடுப்புக்கரியை எடுத்து முழங்கை வரை பூசிக்கொண்டிருந்தாள். "இப்ப நானும் உன் நெறந்தானேம்மா" என்றாள். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். எனக்கு எப்போதுமே பேச்சு சட்டென்று வராது.

சின்னவன் வந்தபோது அவளுக்கு மூன்று வயது இருக்கும். என் வீட்டுக்காரர் கிள்ளான் ரயிலில் கரி போடுகிற வேலையில் இருந்தார். அந்தப் பாதையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரின் மனைவி பிரசவக் காய்ச்சலில் இறந்துபோய், ஆண் குழந்தை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் டின்பாலில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து சொன்னார். இரண்டு பேரும் போனோம். குழந்தையின் தகப்பன் மெலிந்த, இளவயது மனிதர். வெட்டிய பாலை எடுக்கிற நேரம் என்பதால் வாளியோடுதான் வந்திருந்தார். குழந்தையை என் கையில் வைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டார். எழுத்து, பத்திரம் எதுவும் கிடையாது. அன்றைக்குத் தவிடு பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. மறந்துவிட்டோம் என்பதே வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதலில் பெரியவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஒரு காலை வீட்டில் குழந்தையைக் காணாமல் ஓடிப்போய்ப் பார்த்தால், வாசலில் என் காய்கறிக் கூடையில் அவனைப் போட்டு, மேலே ஒரு கட்டுக் கீரையும் வைத்து, பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தாள். கீரைக்காரி வரட்டும், இவனைக் கொண்டுபோகச் சொல்லப் போகிறேன் என்றாள். அக்கா இதை வரிசை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்புறம் எப்படியோ அவன் அவளுடைய பிள்ளை ஆகிவிட்டான். அவளுடைய பின்னலைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் அவன் தூங்க மாட்டான். வாயில் முதலில் வந்த 'அம்மா'கூட அவளுக்குத்தான் போனது. அவள் எச்சில்பட்ட கஞ்சியைத்தான் குடிப்பான். குளிர்க்காய்ச்சல் வந்து இரண்டும் ஒரே பாயில் கிடந்தபோது, கசப்பு மருந்தை அவள் முகம் சுளிக்காமல் விழுங்கிக் காட்டினால்தான் அவன் வாயைத் திறப்பான். அவன் விழுங்கிய பிறகு அவள் வெளியே போய் வாந்தி எடுப்பாள். ரயில் ஊதினால் அவனுக்குத் தலைகால் புரியாது. எந்த ரயில் ஊதினாலும் "அப்பா ரயிலு" என்று வாசலுக்கு ஓடுவான். அவன் பின்னாலேயே அவள் ஓடுவாள். சண்டையும் உண்டு, கடியும் உண்டு. ஒருமுறை அவன் கடித்த தழும்பு அவள் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆளைக் குறைத்த காலம் வந்தது. வேலை போனவர்களைச் சர்க்கார் செலவில் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது சின்னவனுக்கு நாலு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தகப்பன் எங்கள் வாசலில் வந்து நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, பையனை ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். சின்னவன் பெரியவள் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பேசியதுபோல் அவர் பேசி நான் கேட்டதில்லை. பையனைப் பள்ளிக்கூடத்தில் போடப்போவதைச் சொன்னார், கப்பலில் பிள்ளைகள் வாந்தியிலும் பேதியிலும் படும் பாட்டைச் சொன்னார், வளர்ந்து ஆளானதும் நானே கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறேன் என்றுகூடச் சொன்னார். வந்தவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"நீங்க சொல்றதெல்லாம் நாயந்தாண்ணே," என்றார் கடைசியில். "ஊருல போயி எறங்குனா அவளப் பெத்தவங்க கேப்பாங்க. எம்பொண்ணத்தான் தொலைச்சிட்ட, அவ புள்ள எங்கடான்னு. நா என்னன்னு சொல்லுவேன்?"

என் வீட்டுக்காரர் சின்னவனைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் கப்பல், அதற்கு முன்பு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர் போனார்.

மறுநாள் அக்கா வந்து என்னோடு உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அன்னைக்கே ஒரு மொறம் தவிட்ட அந்தாளு கையில குடுத்திருந்தீன்னா இப்ப வாயத் தொறப்பானா? பெரியவளுக்குக் குடுத்த, தங்கிட்டா. இவனுக்கு விட்டுட்டியே தங்கச்சி" என்றாள்.

பெரியவள் முற்றத்தில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அக்கா போன பிறகு வந்து, "தம்பிக்குத் தவிடு குடுக்கலியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அந்த வாரம் முழுக்கக் கோழிகள் காலையில் கத்திக்கொண்டே இருந்தன. எனக்கு அந்தக் கத்தல்கூடச் சரியாகக் காதில் ஏறவில்லை. சின்னவனுடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்ததையே பிரித்து மறுபடியும் தைத்தேன்.

சின்னவனின் தகப்பன் வந்த நாளில், கப்பலுக்குப் போக அவர்கள் ஏற வேண்டிய அதே கிள்ளான் ரயிலில் என் வீட்டுக்காரருக்கு வேலை முறை. காலையிலேயே சின்னவனைத் தூக்கி முகர்ந்துவிட்டுப் போய்விட்டார். அதனால் நான்தான் வாசலுக்கு வர வேண்டியிருந்தது. வெளி ஆண்களோடு நேருக்கு நேர் நின்று நான் பேசியதில்லை. துணிமூட்டையைக் கொண்டுவந்து வைத்தேன். சின்னவனிடம் ரயிலில் போகப்போகிறாய் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். அவன் ஒரே குதியாகக் குதித்துக்கொண்டிருந்தான்.

அப்போது பெரியவள் உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. அவர் முன்னால் நின்று, தகரத்தை மேலே தூக்கி நீட்டினாள். உள்ளே விளிம்பு வரை தவிடு. அந்த வாரம் கோழிக்குப் போட வேண்டியது முழுவதும் அதில் இருந்தது.

"இந்தாங்க. தம்பிக்கு" என்றாள்.

அந்த மனிதருக்கு உடனே புரிந்துவிட்டது. அவரும் எங்கள் ஜனம்தானே. வாங்க நீட்டிய கையைச் சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் ஒரு அடி முன்னால் போனாள். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"வேணாம் பாப்பா."

"நெறைய இருக்கு. பாருங்க."

"நெறயத்தான் இருக்குது. வாங்குனேன்னா அவன விட்டுட்டுப் போவணும் பாப்பா. என்னால முடியாது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். தகரம் கனமாக இருந்தது போலும், சாய்ந்து, தவிடு முழுவதும் அவர் காலடியில் கொட்டிவிட்டது. ஒரு வாரப் பசியில் இருந்த கோழிகள் எங்கெங்கிருந்தோ ஓடிவந்து அவர் பாதத்தைச் சுற்றிக் கொத்தத் தொடங்கின. காலில் கொத்துப்பட்டும் அவர் நகரவில்லை. கையை முன்னால் கொண்டுவரவும் இல்லை. சின்னவன் மட்டும் கோழிகளைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தான்.

நான் அப்போதுதான் அவரிடம் பேசினேன்.

"கஞ்சி சூடா இருக்கணும். தூங்கும்போது கையில எதையாச்சும் புடிச்சுக்கணும் அவனுக்கு. இவ பின்னலத்தான் புடிச்சுக்குவான்" என்றேன்.

பெரியவள் பின்னலில் கட்டியிருந்த சிவப்பு நாடாவை உருவி அவரிடம் நீட்டினேன். அதை மட்டும் இரண்டு கையாலும் வாங்கி மடியில் முடிந்துகொண்டார். பிறகு சின்னவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். பையன் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, சீக்கிரம் வா, ரயிலு போயிரும்" என்று கத்திக்கொண்டே போனான்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து குழாயடியில் வெகு நேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கரி எப்போதோ போய்விட்டது. அப்புறமும் கழுவினார். சாப்பிட உட்கார்ந்தபோது ஒன்று மட்டும் சொன்னார்.

"டிரைவர்கிட்டச் சொல்லி வளைவுக்கு வளைவு ஊதச் சொன்னேன். சின்னவன் கேட்டுக்கிட்டுப் போவட்டும்னு."

அவர்கள் போய்ச் சேர்ந்த சேதி எங்களுக்கு வரவில்லை. கப்பலில் போன யாரோ, பையன் நன்றாகத்தான் இருந்தான் என்று சொன்னதாக ஒருவர் சொன்னார். அதை நான் நம்பிக்கொண்டேன்.

பெரியவள் அதற்குப் பிறகு அழவில்லை. ஆனால் கீரைக்காரி வருகிற நேரத்தில் வீட்டுக்குள் ஓடி, துணி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள். அந்தச் சீனத்திதான் தன்னைப் பெற்றவள் என்று குழாயடிப் பிள்ளைகள் எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் வந்து, அந்தத் தவிட்டுக் கதையைச் சொல்லு என்பாள். முன்பு அந்தப் பேச்சை எடுத்தாலே காதைப் பொத்துகிறவள். நான் முறத்தைச் சொல்லுவேன், கூடையைச் சொல்லுவேன். "அவங்க கையால வாங்குனாங்களா? நீ பாத்தியா?" என்று கேட்பாள். பார்த்தேன் என்பேன். மறுநாளும் கேட்பாள்.

என் வார்த்தை அவளுக்குப் போதவில்லை. ஒரு நாள் அவளாகவே துணி மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்து வாசலுக்குப் போனாள். நான் அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீரைக் கூடைக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, குழாயடியில் கற்ற மலாயில் ஏதோ கேட்டாள். சீனத்தி முதலில் விழித்தாள். பிறகு நினைவு வந்து, பல் தெரியச் சிரித்து, கையால் வாய்க்கும் வயிற்றுக்கும் காட்டிக் காட்டி என்னவோ சொன்னாள். எழுந்து போகும்போது பெரியவளின் தலையை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனாள்.

பெரியவள் ஓடிவந்தாள்.

"வாங்குனாங்களாம்மா. எல்லாத்தையும் பன்னி தின்னுருச்சாம். திருப்பிக் குடுக்கவே முடியாதாம்."

அன்று சாயங்காலம் கோழிகளுக்கு அவள் கை நிறைய அள்ளிப் போட்டாள்.

இப்போது அவள் தாவணி போட்டுவிட்டாள். படுக்கும்போது பின்னலை முன்னால் எடுத்து, சின்னவன் படுத்திருந்த பக்கமாகப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். தெரிந்து செய்கிறாளோ, பழக்கமோ, நான் கேட்டதில்லை.