ஐஸ்கட்டி மென்றவர்

காலை ஒன்பதரைக்கு, முருங்கன் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது என் உடம்பு திடீரெனத் தீயாய் எரிந்தது, நெஞ்சு படபடத்தது. செத்துவிடுவேனோ என்று பயந்தேன். மாதக்கணக்காகத் தூக்கமில்லாமல் மகள்மீது எரிந்து விழுந்து, கடைசியில் அவளோடுதான் வந்திருந்தேன். அவள் டொக்டரைப் பார்க்க இலக்கம் எடுக்கப் போயிருந்தாள்.

பக்கத்தில் மெலிந்த சிலாவத்துறை முஸ்லிம் பெண் ஒருவர் பிளாஸ்கிலிருந்து ஐஸ்கட்டி எடுத்து மென்றுகொண்டிருந்தார். ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

"மாதவிடாய் நிண்டிட்டா, தங்கச்சி?"

"ஓம்."

"இது அந்த வெக்கைதான். நித்திரையும் வராது, கோவமும் வரும். டொக்டரிட்ட மறைக்காமச் சொல்லுங்க. ஓமோன் குளிசை இருக்கு."

"நீங்கள் போடுறனீங்களோ, ராத்தா?"

"எனக்கு மார்பில புத்துநோய் வந்தது. அது தரமாட்டாங்க. வேற குளிசையும் இந்த ஐஸும்தான்."

தனக்கு ஆகாத மருந்தை எனக்குச் சொன்ன அந்தக் குரலில் மனக்குறையே இல்லை. அது எப்படியென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மகள் வந்தாள். என் தூக்கமின்மையும் கோபமும் மாதவிடாய் நின்றதால்தானாம் என்று சொன்னேன்.

"அப்ப என்னில வெறுப்பில்லையா, அம்மா?" என்று கேட்டாள்.