மூன்றாம் மாடி மூடி

அந்தப் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கல்லூரியில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் கட்டடத்தில் மட்டும் அவள் மூடி. காலையில் நான் கடவுளை நினைத்துத் துடைப்பத்தைக் கையில் எடுப்பேன். அவர் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் மேலேயிருந்து அந்தக் குரல் இறங்கி வந்துவிடும்.

"இந்த டப்பாவோட மூடி எங்கடி? திறந்து போட்டா கேரட் என்னத்துக்கு ஆகும்? மூடி எங்க?"

ஒரு நாளாவது என்னை நிம்மதியாகக் கும்பிட விட்டாளா என்றால், இல்லை.

இந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பது, குப்பையை இறக்குவது, சாவி கொடுப்பது வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. படிக்கட்டுக்குப் பக்கத்து அறை எனக்கு. மூன்றாம் மாடியில் நான்கு பெண்கள் சேர்ந்து இருக்கிறார்கள். நால்வரும் படிக்கிறவர்கள். அறைக்கு இருவராக இரண்டு அறை, ஒரு சமையலறை, அதில் ஒரு ஃப்ரிட்ஜ். அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஒருத்தி நின்றால் இன்னொருத்தி பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

கணக்கு படிக்கிற பெண்ணைக் 'கணக்கு' என்பார்கள். ஒரு செருப்பு காலிலும் ஒன்று கையிலுமாக ஓடுகிறவள் 'அவசரம்'. வகுப்பு இல்லாத நேரமெல்லாம் போர்வைக்குள் கிடக்கிறவள் 'தூக்கம்'. நான்காவது, நம் மூடி. கட்டடங்களை வரைகிற படிப்பு படிக்கிறாள்.

அவள் அப்பா காய்கறி லாரி ஓட்டுகிறவர். மூட்டை இறக்கும்போது நசுங்கியது, வெடித்தது என்று ஒதுக்கிவிட்டதை வீட்டுக்கு எடுத்து வருவாராம். அதில் கெட்டதை அரிந்து தள்ளி, நல்லதை எடுத்துச் சமைத்துத்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். "நாங்க முழுத் தக்காளியைப் புத்தகத்துல படமாத்தான்கா பார்த்திருக்கோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிக்கிறாளே என்று நாமும் சிரித்துவிட முடியாது.

முதல் வருஷம் கல்லூரி வாசலில் கிடைத்ததைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டாள். குடலில் புண். தேர்வு எழுத வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ஒரு வருஷம் அப்படியே போயிற்று. டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார்கள்: "உன் கையால சமைச்சு, நேரத்துக்குச் சாப்பிடு. வெளிச் சாப்பாடு சாப்பிட்டுட்டு என்கிட்ட வராதே." ஆகவே மற்றவர்களுக்குச் சமையலறை போனால் நாக்குக்குத்தான் நஷ்டம். அவளுக்குப் படிப்பே போய்விடும். அடுத்தமுறை விழுந்தால் திரும்ப ஊருக்குத்தான் என்று அவள் அப்பாவும் சொல்லியிருந்தார்.

இப்படி இருக்கையில், விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனார்கள். கடைசியாகக் கிளம்பியது கணக்கு. கரண்டு வீணாகக் கூடாது என்று புத்திசாலித்தனமாக மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போய்விட்டாள். ஃப்ரிட்ஜுக்குள் பால், மீன், பாதி வெட்டின பூசணி, இன்னும் என்னென்னவோ. நாற்றம் படி இறங்கி வாசல் வரைக்கும் வந்தது. அதைக் கழுவித் துடைத்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனுஷர், கத்த மாட்டார். ஆனால் சொன்னால் செய்துவிடுவார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவை இந்த வீட்டுலேர்ந்து நாத்தம் வந்துச்சுன்னா சமையலறையைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் எல்லாரும் வெளியில சாப்பிட்டுக்கோங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது மூடியின் ஆட்சி.

ஃப்ரிட்ஜையே ஒரு கட்டடம் மாதிரி வரைந்து கதவில் ஒட்டினாள். பழசு முன்னால், புதுசு பின்னால். கீரையை ஈரத்துணியில் சுற்றிப் படுக்க வைக்க வேண்டும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. எது இன்றோ நாளையோ கெடப்போகிறதோ அதற்கு ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு. ரப்பர் பேண்டு மாட்டிவிட்டால் அது யார் வாங்கினதாக இருந்தாலும் பொதுச்சொத்து. யாரும் எடுத்துச் சாப்பிடலாம். சாப்பிடாமல் மிஞ்சினால் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒரே பாத்திரத்துக்குள் போகும்.

அந்தப் பாத்திரத்துக்குப் பெண்கள் வைத்த பெயர் 'கூட்டணி'.

"இந்த வாரம் கூட்டணில யாரு யாரு?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்பாள் தூக்கம்.

"முட்டைக்கோஸ் தலைமை. கேரட், பட்டாணி உள்ள. முள்ளங்கி வெளியிலேர்ந்து ஆதரவு" என்பாள் கணக்கு.

"நிக்குமா, கவிழுமா?"

"வயித்துக்குள்ள போய்தான் தெரியும்."

நாலு பேர் சாப்பிட்டும் அது தீராது. மீதி என் அறைக் கதவைத் தட்டும். உணவு ஆண்டவன் கொடுத்தது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது தெரிந்துதான் அவளும் கொண்டுவருவாள். ஒருமுறை அதில் ரொட்டி ஓரம் மிதந்தது. இன்னொரு முறை ஏதோ பழம்போல இருந்தது, இனித்தது, கூடவே மிளகும் காரமாக இருந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகும் கும்பிட்டேன்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"ஆண்டவன் புண்ணியத்துல இறங்கிடுச்சும்மா."

"அடுத்த வாரமும் தரேன். மூடியை மட்டும் கழுவிக் குடுத்துடுங்க."

இதோடு விட்டாளா? கடைக்குப் போய் வருகிறவளை வாசலிலேயே மறித்தாள். குப்பை இறக்குகிற என்னையும் நிறுத்திப் பையைத் தூக்கிப் பார்ப்பாள். ஒருநாள் அவசரம் ரொட்டிப் பாக்கெட்டோடு படியேறினாள். மூடி கதவில் குறுக்கே நின்றாள்.

"பையக் காட்டு."

"நீ என்ன போலீஸா? வழி விடு, வகுப்புக்கு நேரமாச்சு."

"உள்ள அரை ரொட்டி இருக்கு. அது முடியாம இது எதுக்கு?"

"அது உலர்ந்து போச்சுடி!"

"பால்ல நனைச்சா உலர்ந்ததெல்லாம் நனையும். இதைத் திரும்பக் குடுத்துட்டு வா."

"ரொட்டியைத் திரும்பக் குடுக்கிறதா? கடைக்காரர் என்னைப் பைத்தியம்னு நினைப்பாரு!"

"நினைச்சா நினைக்கட்டும். சமையலறை பூட்டினா பைத்தியம் பிடிக்கப்போறது எனக்கு."

அவசரம் திரும்பிப் போனாள். கடைக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. வழியில் ஒரு நாய்க்கு யோகம் அடித்தது. அதை நான்தான் பார்த்தேன், மூடியிடம் சொல்லவில்லை. சொன்னால் நாயைத் தேடிப் போயிருப்பாள்.

கொஞ்ச நாளில் வீடு அடங்கிவிட்டது. யாரும் கை நிறைய வாங்கி வருவதில்லை. ஃப்ரிட்ஜில் தட்டெல்லாம் காற்றோட்டமாக இருந்தது. குப்பைப் பை இறகு மாதிரி கனமில்லாமல் இருந்தது. "பார்த்தீங்களாக்கா? எல்லாரும் திருந்திட்டாங்க" என்றாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. என் இடுப்புக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததால் நானும் நம்பினேன். கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன். அவர் அப்போது என்ன நினைத்துச் சிரித்தாரோ.

தேர்வு நெருங்கியது. இரண்டாம் மாடிக் குழாயில் ஒழுகல் என்று பார்க்க வீட்டுக்காரர் வருவதாகச் சொல்லி அனுப்பினார். "அப்படியே மூணாம் மாடியையும் ஒரு பார்வை பார்த்துடறேன்" என்றாராம். அவர் வருகிற நாள் காலையில் படி கூட்டப் போன எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றாம் மாடியிலிருந்து நாற்றம். எலி செத்துக் கிடக்கிற நாற்றம்.

கதவைத் தட்டினேன். மூடி ஏற்கனவே ஃப்ரிட்ஜைக் காலி செய்து தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்தாள், மூடினாள்.

"இதுல இல்லக்கா. எதுலயுமே இல்ல. எல்லாம் நல்லா இருக்கு."

"எலியா இருக்கும்மா. அடுப்புக்குப் பின்னால பார்ப்போம்."

அடுப்பை இழுத்தோம். எலி இல்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. கணக்கு ஊதுபத்தி ஏற்றினாள். ஊதுபத்தி மணத்தோடு செத்த எலி மணமும் சேர்ந்து, இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தலை சுற்றியது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே மூடி சமையலறை வாசலில் போய் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "பூட்டிட்டா நான் ஊருக்குத்தான்கா போகணும்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த எரிச்சலும் போய்விட்டது.

அப்போது போர்வையோடு எழுந்து வந்தாள் தூக்கம்.

"எனக்கு ரெண்டு மூணு நாளாவே கனவுல நாத்தம் வருது."

"கனவுல நாத்தம் வருமாடி?" என்றாள் கணக்கு.

"வருதே. கட்டிலுக்கு அடியிலேர்ந்து."

அவளும் அவசரமும் இருக்கிற அறைக்கு எல்லோரும் ஓடினோம். கட்டிலுக்கு அடியில் அவசரத்தின் பெரிய பெட்டி. அதன் ஓரத்தில் கறுப்பாக ஏதோ கசிந்து தரையில் காய்ந்திருந்தது. அவசரம் முகம் வெளுத்துப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்னடி அதுல?"

"உருளைக்கிழங்கு."

ஒரு பை வாங்கினால் இன்னொரு பை இலவசம் என்று கடையில் போட்டிருந்தார்களாம். வாங்கிவிட்டாள். ஒரு பையைக் காட்டினாள். இன்னொன்றைக் காட்டினால் மூடி வாசலில் நின்று வக்கீல் மாதிரி கேள்வி கேட்பாள் என்று பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். தேர்வு அவசரத்தில் மறந்தேபோனாள்.

மூடி வாயைத் திறந்தாள். "இப்ப பேச்சு வேண்டாம், தூக்கு" என்றேன். திறந்து பார்க்கிற தைரியம் எனக்கில்லை. பெட்டியோடு கீழே கொண்டுபோய்விடுவோம் என்று ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவசரம். படியில் இறங்கினோம். எதிரே வீட்டுக்காரர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, பொண்ணு ஊருக்குப் போகுதா? இவ்வளவு கனத்தை நீங்க தூக்கலாமா? இப்படிக் குடுங்க" என்று என் கையிலிருந்த பிடியை வாங்கிக்கொண்டார். அவர் நாலு படி இறங்கினார். நின்றார். குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"என்னம்மா இருக்கு இதுல?"

பொய் சொல்ல எனக்கு நாக்கு எழாது. "அழுகின உருளைக்கிழங்கு சார்" என்றேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். திரும்பி விறுவிறுவென்று மேலே ஏறினார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். மூடி சமையலறை வாசலில் கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

"சாவியைக் குடும்மா."

"சார், உள்ள வந்து மோந்து பாருங்க. ஒவ்வொரு டப்பாவா திறந்து பாருங்க. ஒண்ணு கெட்டிருந்தாலும் நானே பூட்டித் தரேன்."

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். திறந்தார், முகர்ந்தார், மூடினார். அவர் மூடின டப்பாவை அவள் இன்னொரு தடவை அழுத்தி மூடினாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அது!

"சமையலறை சுத்தமா இருக்கு. அப்ப உருளைக்கிழங்கு எதுக்கு பெட்டியில போச்சு?"

அவசரம் அழுதுகொண்டே சொன்னாள்: "இவ திட்டுவான்னுதான் சார்."

ஒருத்தி வாய் திறந்ததும் மற்றவர்களுக்கும் மனசு கேட்கவில்லை. கணக்கு போய்ப் புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து வெண்ணெய் எடுத்து வந்தாள். அது தாளெல்லாம் ஊறியிருந்தது. தூக்கத்தின் தலையணை உறைக்குள் பிஸ்கட், காலணி அலமாரியில் முட்டை. இப்படித்தான் என் குப்பைப் பை இறகு மாதிரி இருந்திருக்கிறது!

வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சமையலறையை நான் பூட்டினா என்ன ஆகும்? ஆளுக்கொரு பெட்டியில ஒளிச்சு வச்சுச் சாப்பிடுவீங்க. ஒரு நாத்தம் நாலு நாத்தமாகும். எனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" என்றவர், மூடியைப் பார்த்தார். "நான் பூட்டுறேன்னு சொன்னேன். நீ பூட்டாமலே பூட்டி வச்சிருக்கியேம்மா."

அவள் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் போகும்போது, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். செருப்பைக் கழுவத் தண்ணி மட்டும் குடுங்க" என்றார். ஓடிப்போய் மொண்டு வந்தவள் மூடிதான்.

பெட்டியைத் திறந்து கழுவினது யார் என்று மறுபடியும் நான் சொல்ல வேண்டாம். ஆனால் இந்தத் தடவை என் பக்கத்தில் உட்கார்ந்து மூடியும் அவசரமும் தேய்த்தார்கள். அதிலும் அழுகாத கிழங்கு கிடைக்குமா என்று மூடி தேடிக்கொண்டிருந்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் வாசலுக்கு உள்பக்கம் ஒரு கூடை வந்தது. யார் எதை அதிகமாக வாங்கி வந்தாலும் அதில் வைத்துவிடலாம். ஏன் வாங்கினாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அவளே போட்ட சட்டம். அதைக் காப்பாற்ற அவள் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். நேற்று நான் மேலே கூட்டிக்கொண்டிருந்தபோது அவசரம் முட்டைக்கோஸ் மூன்று கொண்டுவந்து கூடையில் போட்டாள். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளைத் தலை அளவு. மூடி பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். முகம் சிவந்தது. கேட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். கேட்கவில்லை. உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்தாள்.

எனக்குத்தான் திக்கென்றது. மூன்று முட்டைக்கோஸ் என்றால் ஞாயிற்றுக்கிழமை கூட்டணிக்கு யார் தலைமை என்று சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. நினைத்தபடியே இன்று மூடி வந்து கதவைத் தட்டினாள். கையில் வழக்கத்தைவிடப் பெரிய பாத்திரம்.

ஆண்டவனே என்று வாங்கிக்கொண்டேன்.

"அக்கா, மூடி" என்றாள்.

"தெரியும் தாயே. கழுவித் தரேன்."