ரேடியோ அண்ணனின் முதுகுவலி

அந்த பேக்கரியில் மாவு பிசைகிறவருக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, வாய் வாங்கிக் கொடுத்தது. காலையில் அவர் காதில் விழும் சங்கதி மதியத்துக்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். அப்பேர்ப்பட்ட ஓட்டை வாயிடம் எவனாவது மனசைத் திறப்பானா? அடுப்புக்காரன் திறந்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை. கல்யாணமாகி வெகு நாளாகியும் குழந்தை இல்லை. குறை அவனிடம்தான் என்றார் டாக்டர். உயிரணு குறைவு, அடுப்புச் சூடு ஆகாது, சில மாதம் தள்ளியிருந்து பார் என்றார். முதலாளியிடம் காரணம் சொல்லாமல் வேலையை மாற்றிக் கேட்பது எப்படி? சொன்னால் அப்புறம் எந்த முகத்தோடு இங்கே நிற்பது? அந்த யோசனையில் ஒரு தட்டு பன்னைக் கரியாக்கிவிட்டான். "என்னடா ஆச்சு உனக்கு?" என்று ரேடியோ கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

கொட்டிய பிறகுதான் யாரிடம் கொட்டினோம் என்பது உறைத்தது. அன்று ராத்திரி வீட்டில் மனைவியிடம் சொன்னான்.

"சொல்றதுக்கு உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பேக்கரிக்குள் நுழையும்போதே ரேடியோவின் குரல் கேட்டது. "முதுகு போச்சு முதலாளி. இனிமே குனிஞ்சு மாவு பிசைய என்னால ஆகாது. அடுப்பை என்கிட்ட விடுங்க. அவன் சின்ன வயசு, மாவை அவன் பிசையட்டும்."

அன்றிலிருந்து அடுப்பு அவருக்கு, மாவு மேசை இவனுக்கு. பாக்கெட் போடும் பெண்கள்கூட "நாற்காலி போடவாண்ணே?" என்று அவரை வாரினார்கள். சட்டை தொப்பலாக நனைய நின்றுகொண்டு அவரும் சேர்ந்து சிரித்தார். விஷயம் கேள்விப்பட்ட அவன் மனைவி மறுநாளிலிருந்து எலுமிச்சை ஜூஸ் போட்டு அவனிடம் கொடுத்தனுப்பினாள். "அடுப்புல நிக்கிறவருக்குத் தாகமா இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

சில மாதம் கழித்து வந்த டெஸ்ட் ரிசல்ட்டில் ஒரு முன்னேற்றமும் இல்லை. மாவு மூட்டை அறைக்குள் போய் உட்கார்ந்து அழுதான். ஆம்பிளை அழக் கூடாது என்று சொன்னவர்களுக்கு இப்படி ஓர் அழுகை வந்திருக்காது. கதவைத் திறந்து பார்த்த ரேடியோ, எல்லாம் சரியாகிவிடும் என்று புளுகவில்லை. "நல்லா அழு. எவனும் உள்ள வரமாட்டான்" என்று கதவைச் சாத்தினார். வெளியே நின்று, தன் கல்யாணத்தில் செருப்பு தொலைந்த கதையை ஆரம்பித்தார். எல்லாரும் கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. அன்று அதைத் தொண்டை கிழியச் சொன்னார். உள்ளே அழுதவனின் சத்தம் அவன் காதுக்கே கேட்கவில்லை.

மறுபடியும் பார்த்தார்கள், மறுபடியும் அதே பதில். "போதுங்க. நமக்கு நாம இருக்கோம்" என்றாள் மனைவி. அவனுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

அந்த வாரமே முதலாளி ரேடியோவைக் கூப்பிட்டார். "மாசக்கணக்காச்சு, முதுகு இன்னும் சரியாகலைன்னா நான் என்ன பண்ண? வேற ஆள் பாக்கட்டுமா?"

ரேடியோ தலையைச் சொறிந்தார். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. மாவுக் கையோடு இவன் முன்னால் வந்தான்.

"அண்ணனுக்கு முதுகுவலியே கிடையாது முதலாளி. குழந்தை இல்லாத குறை என்கிட்டதான் இருக்கு. எனக்குச் சூடு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. எனக்காகத்தான் அவர் இத்தனை நாள் வெந்தாரு. கூடப் பொறந்தவன்கூட இப்படி நின்னிருக்க மாட்டான்."

சிரிப்பார்கள் என்று பயந்திருந்தான், ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி வேறு ஆள் பேச்சை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். ரேடியோ அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"தட்டை எடுடா" என்றார். "கருகுது."

இவன் கையைத் துடைத்துக்கொண்டு தன் பழைய அடுப்பிடம் போனான்.