ஸ்டெல்லாவும் பிரெஞ்சு மின்சாரமும்

“...வித்துட்டு, பொறவு அதே கவர்மெண்டே திரும்ப வாங்குச்சாக்கும்? நல்ல கூத்தா இருக்கே அண்ணாச்சி.”

சொன்னவர் ஸ்டெல்லா. வன்னியம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, அரசு நூற்பாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். போன செவ்வாய்க்கிழமை, ஷிப்டுக்கு முன்னால், ஆலைக்கு எதிர் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தோம்.

பேச்சு பிரான்ஸுக்குப் போனதற்குக் காரணம் உண்டு. ஆலையைத் தனியாருக்கு விற்கப் போகிறார்கள். தாமாக வேலையை விட்டு விலகிக்கொள்கிறவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை. ஆனால், அன்று ஷிப்ட் தொடங்குவதற்குள் ஆபீஸில் பெயர் கொடுத்துவிட வேண்டும். ‘கொடுத்துட்டு வா, தையல் கடை போடுவோம்’ என்று வீட்டுக்காரர் காலையிலிருந்து போனில் நச்சரிப்பு. கொடுக்காமல் இருந்தால்? புது முதலாளி வைத்துக்கொள்வாரா, வெளியே அனுப்புவாரா... யாருக்குத் தெரியும்?

நானோ பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கிற வியாதி. அந்த வாரம் சிக்கியது பிரான்ஸ். வாய் சும்மா இருக்குமா?

உலகப்போர் முடிந்ததும் அங்கே ஊருக்கு ஊர் இருந்த தனியார் மின்சாரக் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டு ஒன்றாக்கியது. பல பத்தாண்டுகள் கழித்து அதில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் விற்றது. விற்றதைச் சமீபத்தில் திரும்ப வாங்கிவிட்டது! நடுவில், எண்பதுகளில், பெரிய வங்கிகளையும் ஆலைகளையும் அரசுடைமை ஆக்கினார்கள். சில வருஷங்களில் அடுத்து வந்த ஆட்சி அவற்றை விற்கத் தொடங்கியது. பங்கு வாங்க சாதாரண ஜனங்கள் முண்டியடித்தார்கள்.

அணைகள், அணு உலைகள், ஒரு தேசத்தின் மொத்த வெளிச்சம் — இத்தனையும் கை மாறுகிறது. நினைத்தாலே தலை சுற்றுகிறது இல்லையா?

“மாறுன அன்னைக்கு கரண்டு போவலையா அண்ணாச்சி?” என்றார் ஸ்டெல்லா.

நான் படித்தவரை இல்லை என்றேன். ஒரு பல்பு கூடக் கண் சிமிட்டியதாக யாரும் எழுதவில்லை.

ஸ்டெல்லா டீயை ஒரு மடக்கு குடித்தார்.

“எப்படிப் போவும்? எங்க மிஷினும் ஷிப்ட் மாறும்போது நிக்காது. அடுத்த ஆளு வந்து, அறுந்த இழையெல்லாம் ஒட்டியிருக்கான்னு பாத்து, சரின்னு தலையாட்டுற வரைக்கும் நாங்க நகர மாட்டோம். பஸ்ஸு போனா போவட்டும்பேன். அங்கயும் அப்படி ஒருத்தி நின்னுருப்பா.”

எத்தனை பக்கம் புரட்டியிருப்பேன்! விற்றவர் பெயர் இருந்தது, வாங்கியவர் பெயர் இருந்தது. நடுவில் நின்ற அந்த ஒருத்தி எந்தப் பக்கத்திலும் இல்லை. கண் காணாத தேசத்தில் அவளை இந்த அம்மா டீயைக் குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிட்டாரே!

“மிஷின என் கையிலருந்து வாங்கிக்கிட ஆளு வரட்டும். பொறவு பாப்போம்” என்றார்.

சங்கு ஊதியது. ஸ்டெல்லா தலைத்துணியை இறுக்கிக் கட்டினார், கேட்டுக்குள் நுழைந்தார், ஆபீஸ் படி ஏறாமல் அதைத் தாண்டி நேராக மிஷினுக்குப் போனார்.