குஸ்கோவில் ஒரு பம்பு ஃபிட்டர்

வடக்குப்பட்டு டில்லிபாபு கைப்பம்பு ஃபிட்டர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை போகும் சாலையில் இருந்த ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. கம்பெனி பம்பு எங்கே விலைபோனதோ அங்கே போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வருவார். ராய்ச்சூர், பஸ்தர், ஒரு முறை நேபாளம். போன இடத்தில் யாரிடமும் அதிகம் பேச மாட்டார். ஊரிலும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் மனைவி ரத்னா பேசிவிடுவார்.

நான் அப்போது வாலாஜாபாத் தபால் நிலையத்தில் தந்திப் பிரிவில் இருந்தேன். இங்கே சொல்லப்போகும் தந்திகள் என் கை வழியாக வந்து போனவை. மற்றதை டில்லிபாபு பின்னாளில் சொன்னார். இரண்டையும் ஒத்துப் பார்த்தே எழுதுகிறேன்.

1991 மார்ச்சில் கம்பெனி அவரைப் பெரு நாட்டுக்கு அனுப்பியது. ஆண்டிஸ் மலையில் குஸ்கோ என்ற பழைய நகரம். அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் நம் பம்புகளை வாங்கியிருந்தது. இஞ்சினியர் ராஜசேகரும் கூடப் போனார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த நாட்டில் காலரா பரவிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் வேலை நின்று, பம்புப் பெட்டிகள் கப்பலிலேயே கிடந்தன. அவற்றை மீட்க ராஜசேகர் தலைநகருக்குப் போனவர் திரும்பவில்லை; அங்கேயே தங்கி அலைந்துகொண்டிருந்தார். டில்லிபாபு குஸ்கோவில் ஒரு விடுதி அறையில் தனியாக மாட்டிக்கொண்டார். அவருக்குத் தமிழும் கொஞ்சம் இந்தியும் தெரியும். அங்கே இரண்டுக்கும் ஆளில்லை.

நிறுவனத்தின் அலுவலகத்தில் பரிதாபப்பட்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதைக் காட்டினால் ஊரில் இருக்கும் அருங்காட்சியகங்களுக்கெல்லாம் போகலாம். அன்றிலிருந்து காலையில் கிளம்பி அவற்றையே சுற்றிவந்தார். கடைக்குப் போனால் வாய் திறக்க வேண்டும், பஸ்ஸில் ஏறினால் ஊர்ப் பேர் சொல்ல வேண்டும். அருங்காட்சியகத்தில் மட்டும்தான் சும்மா நிற்பவனை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை என்றார்.

முதல் நாள், கல் சுவரும் மரப் பலகணியும் உள்ள ஒரு பெரிய வீட்டுக்குப் போனார். வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். உள்ளே சாமி மாதிரி ஏதோ இருக்கிறது, செருப்புக் காலோடு எப்படிப் போவது? காவலுக்கு இருந்த பெண்மணி ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். தப்பான பக்கத்தில் வைத்துவிட்டோம்போல என்று நினைத்த டில்லிபாபு, அதை வாங்கிக்கொண்டு போய் வாசலின் மறுபக்கத்தில் வைத்தார். அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல் தரை பனிக்கட்டியாக இருந்தது. கடைசியில் அவரே குந்தி உட்கார்ந்து, இவர் காலைப் பிடித்து ஷூவை மாட்டிவிட்டார். பெயர் எவுலாலியா. அதன் பிறகு டில்லிபாபு எப்போது போனாலும் அந்த அம்மாள் முதலில் இவர் காலைத்தான் பார்ப்பார்.

மற்ற இடங்களிலும் சுற்றினார். ஒரு பழைய மடத்தில் தேவதூதர்கள் துப்பாக்கி பிடித்த படங்கள். இன்னொன்றில் அடி கூராக இருக்கும் பெரிய பானைகள். தரையில் நிற்காது, கயிறு கட்டி முதுகில்தான் சுமக்க வேண்டும். ஓரிடத்தில் கல்லோடு கல் சேர்த்து, சுண்ணாம்பே இல்லாமல் கட்டிய நீர்க்கால்வாய். அதன் முன் வெகு நேரம் நின்றாராம். “வாஷர் போடாத ஜாயிண்டு சார், ஒரு சொட்டு ஒழுவாது. பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தன் இருந்தா சொல்லியிருப்பேன்.”

எவுலாலியா இருந்த வீட்டின் கடைசி அறையில் பழங்காலத்து உடல்கள் இருந்தன. மலைக்குளிரில் காய்ந்தவை. முழங்காலை மார்போடு மடக்கி, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தன. அந்த அறைக்குள் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

மே 22, புதன்கிழமை. எவுலாலியா செய்தித்தாளை நீட்டி, “இந்தியா, இந்தியா” என்றார். புகையும் கூட்டமுமாக ஒரு படம். கீழே அந்நிய மொழிக்கு நடுவே டில்லிபாபு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய ஒரே ஒரு சொல் இருந்தது. தினமும் பஸ் போர்டில் பார்த்த சொல். ஸ்ரீபெரும்புதூர்.

ரத்னாவின் அக்கா வீடு ஸ்ரீபெரும்புதூரில். தேர்தலுக்குப் பெரிய தலைவர்கள் வருவார்களாம், அக்கா வீட்டில் போய்த் தங்கி ஒரு கூட்டம் விடாமல் பார்க்கப் போகிறேன் என்று ரத்னா முந்தைய கடிதத்தில் எழுதியிருந்தார். கூட்டம் என்றால் அவர் முதல் வரிசையில்தான் நிற்பார்.

டெலிபோன் ஆபீசுக்கு ஓடினார். அவரிடம் இருந்தது கம்பெனி நம்பர் மட்டுமே. மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. குண்டு வெடித்ததற்கு மறுநாள், இங்கே எல்லாம் மூடிக் கிடந்தது. பிறகு தமிழை ஆங்கில எழுத்தில் எழுதித் தந்தி கொடுத்தார்: “ரத்னா எப்படி. உடனே பதில்.”

அது எங்களுக்குச் சனிக்கிழமைதான் வந்து சேர்ந்தது. பஸ் இல்லாததால் ரத்னா அக்கா வீட்டிலேயே இருந்தார். அவர் அண்ணன் ரகுபதி ஏற்கெனவே சைக்கிளில் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவரே பதில் கொடுத்தார்: “எல்லாரும் நலம். கவலை வேண்டாம். ரகுபதி.”

குஸ்கோவில் அதைப் பிரித்துப் படித்ததும் ரத்னா போய்விட்டாள் என்று டில்லிபாபு முடிவு கட்டினார்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியைத் தூரத்தில் இருப்பவனிடம் நேராகச் சொல்வதில்லை. ‘உடம்பு சரியில்லை, புறப்பட்டு வா’ என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். உடனே வர முடியாத தூரம் என்றால் அதுகூட இல்லை. எல்லாரும் நலம் என்று எழுதிவிட்டு, வந்து இறங்கிய பிறகு சொல்வார்கள். டில்லிபாபு நேபாளத்தில் இருந்தபோதுதான் அவர் அப்பா இறந்தார். ‘வீட்டில் எல்லாரும் நலம்’ என்று அப்போது கடிதம் போட்டவர் இதே ரகுபதி.

அருங்காட்சியகத்துக்குப் போனார். எவுலாலியா முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். டில்லிபாபு மடித்து வைத்திருந்த அந்தச் செய்தித்தாளில் ஊர்ப் பெயரைத் தொட்டார். சட்டைப்பையில் இருந்த ரத்னாவின் போட்டோவை எடுத்துக் காட்டினார். பிறகு கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு சத்தமாக அழுதார். டில்லிபாபுவுக்கு அழுகை வரவில்லை. ரத்னாவுக்காக யாரோ ஒருத்தி அழுகிறாளே என்று மட்டும் தோன்றியதாம்.

அடுத்த நாட்களில் அவர் வேறெங்கும் போகவில்லை. முன்பு பயந்து திரும்பிய கடைசி அறையில், காய்ந்த உடல்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எவுலாலியா தன் முக்காலியைக் கொடுத்தார். ஏதோ இலை போட்ட வெந்நீர் கொண்டுவந்து கையில் திணித்தார். நானூறு ஐந்நூறு வருஷமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே, செய்தி தெரிந்த நாளிலிருந்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்.

அதற்கு முன்பே இன்னொரு தந்தி கொடுத்திருந்தார்: “உண்மை சொல்லவும். காரியம் எப்போது.”

அந்தத் தந்தியோடு ரகுபதி எங்கள் கவுண்டருக்கு வந்தார். இந்த முறை ரத்னாவும் வந்தார்.

“இன்னா சார், நான் செத்துட்டேனாமே?”

“மாப்ள நம்பலம்மா. நான் இன்னா பண்றது?” என்றார் ரகுபதி.

“உன்ன எவன் நம்புவான்? அவங்கப்பா செத்ததுக்கே எல்லாரும் நலம்னு எழுதின ஆளு தானே நீ?”

“நல்லதுக்குத்தானே எழுதினேன்!”

“அந்த நல்லதுதான் இப்போ என்னப் பாடையில ஏத்தி வுட்டுகீது.”

ரத்னா என்று கையெழுத்துப் போட்டு அனுப்பலாமே என்றேன். ரத்னா வேண்டாமென்று தலையை ஆட்டினார். “என் பேர யார் வேணா போடலாம் சார். அண்ணனே போடும். அது அவருக்குத் தெரியாதா?” கொஞ்சம் யோசித்தார். “எழுதுங்க சார். பீரோ சாவிய அவரு எடுத்துக்கினு போய்ட்டாரு. என் பொடவை எல்லாம் உள்ள கீது. அவரு போனதுலேருந்து ரெண்டே பொடவைய மாத்தி மாத்தித் தொவைச்சிக் கட்டிக்கினு கீறேன்.”

“இத எங்கிட்ட சொல்லவே இல்லியே!” என்றார் ரகுபதி.

“சொன்னா நீ கடப்பாறைய தூக்கிக்கினு வந்து பீரோவ ஒடைப்ப. அதனாலதான் சொல்லல. அதையும் எழுதுங்க சார், அண்ணனுக்குத் தெரியாதுன்னு.”

அவர் சொன்ன தமிழையே ஆங்கில எழுத்தில் போட்டு அனுப்பினேன்: “பீரோ சாவி உங்க பெட்டியில். என் புடவை எல்லாம் உள்ளே. அண்ணனுக்குத் தெரியாது. ரத்னா.”

அன்று கூட்டத்துக்குப் போனாயா அம்மா என்று கேட்டேன். “கெளம்பிட்டேன் சார். அப்பப் பார்த்துக் கொழாயில தண்ணி வந்துச்சி. ரொம்ப நாளா வராத தண்ணி. அக்கா வூட்ல புடிக்க ஆளில்லன்னு நின்னுட்டேன். எதிர் வூட்டுப் பொண்ணு போச்சி. அது திரும்பி வந்து நின்ன கோலத்த…”

தந்தி வியாழக்கிழமை காலை விடுதிக்கு வந்தது. டில்லிபாபு எழுத்துக் கூட்டிப் படித்தார். பெட்டியைக் கவிழ்த்தார். சவர சாமான் வைக்கும் பைக்குள் பிளேடுக் கட்டுக்கு அடியில் பீரோ சாவி கிடந்தது. இதை ரகுபதியால் கட்டி எழுத முடியாது. செத்தவள் வீட்டில் இதற்குள் பீரோவை உடைத்துத் திறந்திருப்பார்கள். பூட்டியே இருக்கிறது என்றால் ரத்னா இருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதார்.

உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் ரத்னா செத்தது ஒருத்திக்குத்தான் தெரியும். தந்தியை எடுத்துக்கொண்டு ஓடினார். அருங்காட்சியகத்தின் கதவு பூட்டியிருந்தது. அன்று அவர்களுக்குப் பெரிய திருவிழா. ஊர்க் கோயில்களின் புனிதர் சிலைகளையெல்லாம் தோளில் சுமந்து பெரிய கோயிலுக்குக் கொண்டு போகிறார்கள். சதுக்கத்தில் காஞ்சிபுரம் கருட சேவைக்குக் கூடுவது போன்ற கூட்டம். மேளம், வெடி, பூ.

எவுலாலியாவைத் தேடினார். அவரை நீல யூனிபாரத்தில்தான் பார்த்திருக்கிறார். இங்கே ஆயிரம் பெண்கள், எல்லோரும் தொப்பியும் சால்வையுமாக. இரண்டு மூன்று பேரின் முகத்துக்கு எதிரே போய் நின்றார். அவர்கள் விலகிப் போனார்கள். ஒரு சிலை அசைந்து அசைந்து பக்கத்தில் வந்தபோது கூட்டம் அவரைச் சுவரோடு நெருக்கியது. அங்கே நின்றபடி தந்தியை உயர்த்திப் பிடித்து உரக்கச் சொன்னார்:

“ரத்னா உசுரோட கீறாய்யா!”

பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் திரும்பினார். திருவிழா வாழ்த்து என்று நினைத்திருப்பார். சந்தோஷமாக ஏதோ பதில் சொல்லி, தன் கையில் இருந்த சோளக் கள்ளுக் குவளையை இவரிடம் நீட்டினார். டில்லிபாபு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கிழவர் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தன் வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.