பலகையில் இருக்கும் எண்பத்தொன்பது

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் சுகுமாரன் போன் செய்தபோது நான் நாற்றங்கால் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். "சர்வேயர் போயிட்டாருங்க" என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "காலங்காத்தால என்ன பேச்சு டாக்டர் இது? ஞாயித்துக்கிழமைதானே நம்மளோட கோல்ஃப்ல பதினெட்டுக் குழியும் நடந்து ஆடுனாரு?" என்று சத்தம் போட்டேன். மாட்டு டாக்டர், தினம் ஒரு சாவைப் பார்க்கிறவர், அவர் தேம்புவதுதான் கேட்டது. கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த சர்வேயர் ராஜாங்கம் அப்படியே உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்று பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, வேலையைப் பாருங்க" என்றேன். அந்தச் செய்தியை வாயால் சொல்ல எனக்கு மறுநாள் வரை வரவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இருந்தாலும் புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ராஜாங்கம் ஓய்வுபெற்ற நில அளவையர். திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா, அம்மா இருவரும் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். வேலை அவரை ஜில்லா முழுக்கச் சுற்ற வைத்து, கடைசியில் ஒரத்தநாட்டில் வீடு கட்டிக்கொள்ள வைத்தது. வயது அறுபத்தாறு. ஒரு நாள் தலைவலி என்று படுத்ததை நான் பார்த்ததில்லை.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே முந்திரிக் காட்டில் கோல்ஃப் ஆடுகிறோம் என்றால் யாரும் சிரிப்பார்கள். நாங்களே சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தோம். டாக்டர் மலைப் பிரதேசத்தில் வேலை பார்த்தபோது இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர். மாமனார் விட்டுப்போன செம்மண் மேட்டில் ஒன்பது குழி தோண்டினார். புல்தரை கிடையாது. குழியைச் சுற்றி மணல் கொட்டி, பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றி, பலகையால் இழுத்துவிட்ட வட்டம் உண்டு. நடுவில் ஆடுகள் மேயும். ஒன்பதையும் இரண்டு தடவை சுற்றினால் பதினெட்டு. மொத்தம் எத்தனை அடியில் முடிக்கிறோம் என்பதுதான் ஆட்டம். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

குழிக்குக் குழி தூரம் அளப்பதற்குத்தான் ராஜாங்கத்தை டாக்டர் கூப்பிட்டார். அளவுச் செயினை இழுத்து, ஒன்பதையும் அளந்து, நோட்டில் படம் போட்டு முடித்துவிட்டுக் கேட்டார்: "யாரு எத்தனை அடிச்சாங்கன்னு எண்ணுறது யாருங்க?"

"அவங்கவங்கதான்" என்றார் டாக்டர்.

"பக்கத்துல நடுவர் யாரும் நிக்கமாட்டாங்களா?"

"மாட்டாங்க."

ராஜாங்கம் கொஞ்ச நேரம் அந்தப் பொட்டல் காட்டைப் பார்த்தார். "அப்ப இது ரொம்ப நல்ல விளையாட்டு. இல்லாட்டி ரொம்பக் கெட்ட விளையாட்டு" என்றார். அடுத்த ஞாயிறு யாரிடமோ வாங்கிய பழைய மட்டைகள் நாலுடன் வந்து நின்றார். அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம், சாவு, கல்யாணம் தவிர ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை.

விதிப் புத்தகத்தை நகல் எடுத்து, சர்வே புத்தகம் போல மனப்பாடமே செய்துவிட்டார். நூற்று முப்பதில் ஆரம்பித்தவர், ஐந்தாறு வருடத்தில் நூறுக்குக் கீழே வந்தார். பிறகு தொண்ணூறு. அங்கே நின்றுவிட்டது. முதல் சுற்றில் நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று அர்ஜுனன் மாதிரி அடிப்பார். இரண்டாம் சுற்றில் எங்காவது ஒரு குழி அவரைக் கவிழ்த்துவிடும். நானோ தொண்ணூற்று நாலுக்குக் கீழே இறங்காதவன். வாய் மட்டும் நீளம். "சர்வேயரே, தொண்ணூறைப் பட்டா போட்டு வாங்கிட்டீங்களா?" என்று கேலி செய்வேன். அவர் கோபப்பட மாட்டார். "நல்லா அடிக்கிறது பெரிசில்ல சார். மோசமா அடிக்கிறதைக் குறைக்கணும். அதான் கஷ்டம்" என்பார். காலையில் எழுந்ததும் அறுவடையான வயலில் இருபது பந்து அடித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார் என்று அவர் மனைவி சரோஜாம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஓர் ஆடி மாதத்தில் அவருக்கு எண்பத்தொன்பது கிடைத்திருக்க வேண்டியது. கடைசிக் குழி, நல்ல காற்று. மட்டையைத் தரையில் வைத்தவர் சட்டென்று நிமிர்ந்து, "என் மட்டை பட்டுப் பந்து அசைஞ்சிருச்சு. ஒண்ணு சேர்த்துக்குங்க" என்றார். மூன்று பேர் பக்கத்தில் நின்றோம், யாருமே பார்க்கவில்லை. "காத்துல புழுதி பறந்திருக்கும்யா, அடிங்க" என்றேன். "எனக்குத் தெரியுமே சார்" என்றார். அன்றைக்கும் தொண்ணூறு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான்தான் புலம்பிக்கொண்டு போனேன்.

எனக்கும் அவருக்கும் இதற்கு முந்தைய ஒரு பழக்கம் உண்டு. இங்கே பலருக்குத் தெரியாது. கழக ஆட்சி வந்து நில உச்சவரம்பைக் குறைத்திருந்த நேரம். எங்கள் அப்பாவிடம் வரம்புக்கு மேல் இருந்த நிலத்தை அளந்து பிரிக்க ஓர் இளம் சர்வேயர் வந்தார். வரப்பின் ஒரு பக்கம் சிவப்புக் கொடியோடு விவசாயத் தொழிலாளர்கள், மறு பக்கம் கம்போடு எங்கள் ஆட்கள். எனக்கு இருபத்துநாலு வயது, அப்பா பக்கம் நின்றேன். வாய்க்கால் ஓரத்து நல்ல மண் கையை விட்டுப் போகாமல் இருக்க, எல்லைக்கல்லைப் பத்து கஜம் தள்ளி நட்டிருந்தார்கள். எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

சர்வேயர் கல்லைப் பார்த்தார். குனிந்து அதன் அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோயில் பக்கத்துக் கல்லிலிருந்து செயினைப் பிடிக்கச் சொல்லி அளந்துகொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்று, "இங்கே நடுங்க" என்றார். அங்கே பழைய கல் இருந்த தடத்தில் புல் வெளுத்துக் கிடந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர், "யாரு நகத்துனது? பேரைச் சொல்லுங்க சார்!" என்று கத்தினார். பெயர் வாயில் வந்திருந்தால் அன்றைக்கு அந்த வரப்பில் தலை உருண்டிருக்கும். "கல்லு எங்க இருக்கணும்கிறது மட்டுந்தாங்க எனக்குத் தெரியும்" என்றார் அவர். நிலம் போக வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் போட்ட அளவுப் படத்தில் அப்பா கையெழுத்துப் போடும்போது நானும் எட்டிப் பார்த்தேன். "கல் இடம் மாறியிருந்தது. மாற்றியவர்:" என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருந்தார். அவரை உட்காரச் சொல்லி அப்பா ஒரு நாற்காலி போடவில்லை. முந்திரிக் காட்டில் அவரை மறுபடி பார்த்தபோது எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வருடம் அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவர் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, உங்களில் பல பேர் இருந்த அந்த ஞாயிறு. இரண்டாம் சுற்றில் ஏழாவது குழி. அதுவரை அவர் ஆடியிருந்த ஆட்டத்துக்கு எண்பத்தொன்பது வரும்போல இருந்தது. அங்கே அவர் அடித்த பந்து வலது பக்கம் முந்திரிக்குள் போய்விட்டது. நான் முன்னால் நடந்துகொண்டிருந்ததால் முதலில் போய்ச் சேர்ந்தேன். பந்து ஒரு வேருக்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தது. அங்கிருந்து அடிக்க வழியே இல்லை. நான் சுற்றிப் பார்த்துவிட்டு, செருப்பு நுனியால் இரண்டு முழம் வெளியே தள்ளிவிட்டேன். "இங்கதான் கிடக்கு, வாங்க!" என்று கூப்பிட்டேன்.

அன்பில்தான் செய்தேன். ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டுமென்றால், ஒரு தர்மப் பிரபு மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அங்கே நின்றேன். அவர் வந்தார், பந்தைப் பார்த்தார், சருகைப் பார்த்தார். எந்த மட்டையை எடுப்பது என்று யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அடித்தார். பந்து நேரே மணல் வட்டத்தில் போய் விழுந்தது. கடைசிக் குழி முடிந்ததும் டாக்டர் விசில் அடித்துக்கொண்டே ஓடி, கொட்டகைப் பலகையில் சாக்பீஸால் "ராஜாங்கம் 89" என்று பெரிதாக எழுதினார். எல்லோரும் கை தட்டினோம். ராஜாங்கம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். ஆனந்தக் கண்ணீர் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. தன்னுடைய பழைய எண்ணிக்கையை யார் முறியடித்தாலும் அடுத்த ஞாயிறு திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வாங்கி வந்து எல்லோருக்கும் தர வேண்டும். அடுத்த ஞாயிறு அவர் வெறுங்கையோடு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். ஆட்டமும் மோசம், தொண்ணூற்றுமூன்று, தொண்ணூற்றிரண்டு என்று. யாரோடும் பேசாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். கடைசி ஞாயிறு பிரியும்போது அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னேன்: "சர்வேயரே, நீங்க எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு! எண்பத்தொன்பது அடிச்சவரு ஒரு கரண்டி அசோகாவுக்கு இந்த முழி முழிக்கிறீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "கட்டாயம் ஒரு நாள் தரேன் சார்" என்றபடி மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். நான் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சரோஜாம்மா ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை ஆட்டமெல்லாம் இதுலதாங்க எழுதுவாரு. நீங்க வச்சுக்குங்க. நாங்க யாரு இதைப் படிக்கப்போறோம்?" என்றார். பிறகு, "அசோகா வாங்கிக் குடுத்துருங்களேன், எல்லாரும் கேலி பண்றாங்கன்னு சொல்றீங்களேன்னு நானும் கேட்டேங்க. அதுக்கு அவரு, 'இன்னும் வரலை சரோஜா, வந்தப்புறம் வாங்குறேன்'னாரு. அந்தக் காலையிலகூட இருட்டு பிரியுறதுக்குள்ள வயல்ல நின்னு பந்தடிச்சிட்டுத்தான் பல்லு விளக்க வந்தாரு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பலகையில் எண்பத்தொன்பது இருக்க, என்ன வரவில்லை? அங்கேயே உட்கார்ந்து அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தைத் திருப்பினேன். வயலுக்குப் படம் போடுவது போல ஒவ்வொரு குழிக்கும் சின்னதாகப் படம் போட்டிருந்தார். ஏழாவது குழியில் முந்திரி மரம், வேர், வேருக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதற்கு வெளியே இன்னொரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே விட்டு விட்டு ஒரு கோடு. கீழே அவருடைய பொடி எழுத்து:

"பந்து இடம் மாறியிருந்தது. தெரிந்தே அங்கிருந்து அடித்தேன். இரண்டு சேர்க்க. மொத்தம் 91. மாற்றியவர்:"

எதிரே காலி இடம்.

பந்தலில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேனா என்று நினைவில்லை. விதி எனக்கும் தெரியும். அடுத்தவர் தள்ளிவிட்ட பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து அடித்தால் ஒரு தண்டனையும் கிடையாது. தள்ளிய இடத்திலிருந்தே அடித்தால்தான் இரண்டு அடி கூடும். ஆனால் அவர் எடுத்து வைத்திருந்தால் டாக்டர் கேட்டிருப்பார், ஏன் என்று. முன்னால் போனவன் நான் ஒருவன்தான். அதனால் எடுத்து வைக்கவில்லை. தண்டனையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஓர் அடியைக்கூட மறைக்கத் தெரியாத மனிதர், நான் தலைகுனியக் கூடாது என்பதற்காக ஒரு பொய்யைப் பலகையில் மூன்று வாரம் விட்டுவைத்தார். அதை மெய்யாக்கிவிட வேண்டும் என்றுதான் இருட்டோடு எழுந்து வயலில் நின்றிருக்கிறார். அதற்கு நான் கொடுத்த பட்டம் எச்சில் கை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் கல்லைத் தள்ளினார்கள், நான் பந்தைத் தள்ளினேன். இரண்டு தடவையும் கண்டுபிடித்தவர் ஒருவரே. இரண்டு தடவையும் அவர் பெயர் சொல்லவில்லை.

நண்பர்களே, ஒன்பதாம் குழி அருகே அவருக்கு ஒரு கல் நடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். பெயருக்குக் கீழே 89 என்று வெட்டச் சொல்லி டாக்டர் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்துங்கள். ராஜாங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டம் தொண்ணூறு. அவர் கல்லிலும் அதுதான் இருக்க வேண்டும். பலகையை இன்று காலை நானே போய்த் துடைத்துவிட்டு வந்தேன். வருகிற ஞாயிறு அவர் பெயரில் அசோகாவும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எண்பத்தொன்பது அவருக்கு இன்னும் வரவில்லை.

நோட்டு என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு பக்கம்தான். "மாற்றியவர்" என்பதற்கு எதிரே இருந்த காலி இடத்தில் நேற்று என் பெயரை எழுதிவிட்டேன். முழுப் பெயராக, அப்பா பெயரையும் சேர்த்து.